டாஸ் திருந்திவிட்டது, கடிகாரம் திருந்தவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் காற்பந்தின் கூடுதல் நேரத்தைப் பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பில், டாஸ் வென்ற அணி முதலில் டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது) போட்டுவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்துவிடும் என்று எழுதியிருந்தது. அது பழைய கதை. அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் பிளே ஆஃப் (நாக்-அவுட்) ஆட்டங்களில் அந்த விதி 2022லேயே போய்விட்டது. அதற்கு முந்திய வழக்கமான லீக் ஆட்டங்களில் 2025இல் போனது. இப்போது முதல் அணி டச்டவுனே போட்டாலும் எதிரணிக்கு ஒரு முறை பந்து உண்டு. முதல் வாய்ப்பிலேயே தற்காப்பு அணி சேஃப்டி (பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோல் பகுதியிலேயே மடக்குவது) எடுத்தாலோ, பந்தைப் பறித்து டச்டவுன் போட்டாலோ மட்டும் அங்கேயே ஆட்டம் முடியும்.

பழைய விதியைத் திட்டுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2010இலிருந்து 2021 பருவம் வரை பிளே ஆஃபில் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டங்கள் 12. அவற்றில் 10ஐ டாஸ் வென்ற அணியே வென்றது. அந்தப் பத்தில் ஏழு, முதல் வாய்ப்பு டச்டவுனோடு முடிந்தவை. 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி 42, பஃபலோ 36 என்று முடிந்த ஆட்டத்தில் பஃபலோவின் தாக்குதலை நடத்தும் ஜாஷ் ஆலன் கூடுதல் நேரத்தில் பந்தைத் தொடவே இல்லை. இரண்டு மாதம் கழித்து அணி உரிமையாளர்கள் 29க்கு 3 என்ற வாக்கில் பிளே ஆஃப் விதியை மாற்றினார்கள்.

ஆகவே பூவா தலையா என்று இன்னும் புலம்புவது வீண். எங்கள் குறை வேறு இடத்தில் இருக்கிறது. லீக் ஆட்டத்தின் கூடுதல் நேரம் 10 நிமிடம்தான். ஆட்டக்காரர்களின் உடல்நலத்தைக் காரணம் காட்டி 2017இல் 15 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்தார்கள். அப்போது அதில் பெரிய பாதகம் இல்லை, ஏனென்றால் முதல் அணி டச்டவுன் போட்டாலும் இரு அணிக்கும் பந்து கட்டாயம் என்ற விதி அன்று கிடையாது. 2025இல் அந்த விதியைக் கொண்டுவந்தபோது ஃபிலடெல்ஃபியா அணியின் மூல யோசனையில் 15 நிமிடமும் சேர்ந்தே இருந்தது. விதியை எடுத்துக்கொண்டு நிமிடத்தை விட்டுவிட்டார்கள்.

இதனால் என்ன கெட்டது என்பதற்கு என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை, 2024இல் நடந்ததையே பார்க்கலாம். நம் ஊரில் சீனப் புத்தாண்டு மாற்று விடுமுறைத் திங்கட்கிழமை என்பதால், காலை ஏழரைக்கு மாமாக் கடைத் திரையில் பார்த்தவர்கள் கொஞ்சப் பேராவது இருப்பார்கள். டாஸ் வென்ற சான் பிரான்சிஸ்கோ பந்தை முதலில் எடுத்தது. 7 நிமிடம் 38 விநாடி ஓட்டி, எதிரணியின் 9 யார்டு கோட்டில் நான்காவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) நின்று, 27 யார்டு ஃபீல்டு கோலோடு (பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) திருப்திப்பட்டது. அதன் பிறகு கேன்சஸ் சிட்டி 75 யார்டை 7 நிமிடம் 19 விநாடியில் கடந்து டச்டவுன் போட்டு 25-22 என்று வென்றது. கடிகாரத்தில் மீதி 3 விநாடி. பிளே ஆஃப் என்பதால் நேரம் தீர்ந்தாலும் அடுத்த 15 நிமிடம் தொடர்ந்திருக்கும்.

இதே ஆட்டம் லீக் ஆட்டமாக இருந்தால்? கேன்சஸ் சிட்டிக்குக் கிடைத்திருப்பது 2 நிமிடம் 22 விநாடி. ஒரு அணிக்கு ஏழரை நிமிடம், மற்ற அணிக்கு இரண்டேகால். முதல் அணி பத்து நிமிடத்தையும் ஓட்டித் தீர்த்துப் புள்ளி எடுத்தால் எதிரணிக்கு ஒன்றுமே இல்லை. 2025 செப்டம்பர் 28 அன்று டாலஸும் கிரீன் பேயும் 40-40 என்று சமனில் முடித்தன. டாலஸ் ஃபீல்டு கோல் எடுத்தது. டச்டவுன் போட்டால் வெற்றி என்ற நிலையில் கிரீன் பே நேரம் தீர்ந்து, கடைசி விநாடியில் ஃபீல்டு கோல் அடித்துத்தான் கரையேறியது.

இரண்டாவதாக ஆடுவதில் ஒரு சாதகம் இருப்பது உண்மை. எத்தனை புள்ளி வேண்டும் என்று தெரிந்துகொண்டே ஆடலாம், நான்கு டவுனையும் பயன்படுத்தலாம். அந்த சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டி தன் சொந்த 34 யார்டு கோட்டில், நான்காவது டவுனில் ஒரு யார்டு தேவை என்ற நிலையில் பந்தை உதைத்துக் கொடுக்காமல் ஓடிப் பார்த்தது அதனால்தான். முதலில் ஆடும் அணிக்கும் பதிலுக்கு ஒரு லாபம் உண்டு. இரு அணியும் சமனாக இருந்தால் மூன்றாவது வாய்ப்பு அதற்கே, அதன் பிறகு எந்தப் புள்ளி எடுத்தாலும் வெற்றி. சான் பிரான்சிஸ்கோ பயிற்சியாளர் கணக்குப் போட்டது அதை வைத்துத்தான். (அவருடைய ஆட்டக்காரர்கள் சிலருக்கே விதி தெரிந்திருக்கவில்லை என்பது வேறு கதை!) இந்த இழுபறி ஏறக்குறைய நியாயமானது. கடிகாரம்தான் அதைக் கெடுக்கிறது. லீக் ஆட்டத்துக்கும் 15 நிமிடம் கொடுங்கள், அதற்குள் முடியாவிட்டால் சமன் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கல்லூரி முறையில்தான் நியாயம் அதிகம் என்று பலர் சொல்கிறார்கள். வாய்ப்பை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் அது உண்மைதான். கடிகாரம் கிடையாது, எதிரணியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கு ஒரு வாய்ப்பு, அடுத்த சுற்றில் வரிசை மாறும். டாஸ் வென்றவர்கள் பெரும்பாலும் முதலில் தற்காக்கவே விரும்புவார்கள். ஆனால் 25 யார்டு கோட்டில் ஓர் அங்குலம் முன்னேறாவிட்டாலும், கோல் பகுதியின் 10 யார்டும் பந்தைப் பின்னால் எறியும் ஏழெட்டு யார்டும் சேர்த்து 42, 43 யார்டு உதை. நல்ல உதைப்பாளருக்கு அது பெரிய காரியம் இல்லை. தற்காப்பு அணி முழுதாக வென்றும் மூன்று புள்ளியைக் கொடுத்துவிடுகிறது.

2018இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரி அணி கூடுதல் நேரத்தில் ஏழு சுற்று ஆடி எல்எஸ்யு கல்லூரி அணியை 74-72 என்று வென்ற பிறகு, களைப்பைக் குறைக்க விதிகளைச் சுருக்கினார்கள். 2021 முதல் இரண்டாம் சுற்றில் டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி முயற்சி (3 யார்டு கோட்டிலிருந்து ஒரே முயற்சியில் கோல் பகுதிக்குள் போவது) கட்டாயம். மூன்றாம் சுற்றிலிருந்து ஆளுக்கு அந்த ஒரே ஒரு முயற்சி மட்டும்தான். அதாவது நம் ஊர்க் காற்பந்தின் பெனால்டி உதை மாதிரி. அதே ஆண்டு இல்லினாய், பென் ஸ்டேட் ஆட்டம் ஒன்பது சுற்று போய் 20-18 என்று முடிந்தது. மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை இரு அணியாலும் அந்த 3 யார்டைத் தாண்ட முடியவில்லை.

கல்லூரி ஆட்டத்தில் தொடங்கும் கோட்டை 25இலிருந்து 40க்குத் தள்ளினாலே போதும். சும்மா நின்று உதைப்பதென்றால் 57, 58 யார்டு ஆகிவிடும். ஒரு ஃபர்ஸ்ட் டவுனாவது (பத்து யார்டு முன்னேற்றம்) எடுத்துத்தான் புள்ளியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும், மூன்றாம் சுற்றுக்கு முன்பே பல ஆட்டங்கள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
அமெரிக்கக் காற்பந்து வாசகர்கள் சிலர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.