நாலு ஓட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியருக்கு,

பெருங்குடல் புற்றுக்கான லேப்ராஸ்கோப்பி சிகிச்சை, அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன் பற்றிய கட்டுரை படித்தேன். நாலைந்து நாளில் வீடு திரும்பலாம் என்று எழுதியிருந்தது. உண்மைதான். திரும்பிய பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அதில் இல்லை. முப்பது வருஷம் சர்ஜிக்கல் வார்டில் செவிலியராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் என் அண்ணனுக்கு வலப்பக்கப் பெருங்குடலை இப்படித்தான் எடுத்தார்கள். வயிற்றில் நான்கு துளை. வெட்டிய குடலை வெளியே எடுக்கத் தொப்புளருகே மூன்று விரல்கடை அளவுக்கு ஒரு கீறல். பார்க்க வந்தவர்களெல்லாம் "இவ்வளவுதானா?" என்றார்கள். உள்ளே ஒரு சாண் குடலும் அதைச் சேர்ந்த நிணநீர்க் கணுக்களும் போயிருப்பது வெளியே தெரியாதே. மறுநாள் தோள்பட்டை வலிக்கிறது என்றார். அண்ணி மாரடைப்பென்று பயந்துவிட்டார். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்ஸைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. ஓரிரு நாளில் போய்விடும். மூன்றாம் நாள் வாயு பிரிந்தது. குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பேரன் பிறந்த மாதிரி ஊரெல்லாம் போன் பறந்தது!

நான் பயந்தது அதற்குப் பிறகுதான். குடலின் இரு முனைகளையும் சேர்த்த இடம் கசிந்தால், பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் நாளை ஒட்டித்தான் தெரியவரும். வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் தையல் பிரிக்கும்வரை நோயாளி எங்கள் கண்ணெதிரே கிடப்பார். இப்போது அந்த நாட்களில் வீட்டில் இருக்கிறார். காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, உப்புசம், படபடப்பு வந்தால் சோடா, கஷாயம் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நடுராத்திரியானாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போக வேண்டும்.

துளை வழியே செய்தால் புற்று மிச்சமாகுமோ என்ற சந்தேகம் 1990-களில் மருத்துவர்களுக்கே இருந்தது. 872 நோயாளிகளை வைத்து அமெரிக்க மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2004-ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பியது துளைவழிச் சிகிச்சையில் 16 சதவீதம், திறந்து செய்ததில் 18. அதே ஆய்வில், துளைவழியில் தொடங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது. அதைத் தோல்வி என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போன உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே குடல் ஒட்டிக்கொண்டிருந்தாலோ ரத்தம் கசிந்தாலோ திறப்பவர்தான் நல்ல மருத்துவர்.

அண்ணன் இரண்டாம் வாரமே தண்ணீர் கேனைத் தூக்கப் போனார். கேட்டால், "நாலு ஓட்டைதானே!" அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, வீட்டுக்கு அனுப்பிய பிறகான நாட்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்