அம்மாவின் பங்குப் பத்திரத்தை முன்னிட்டு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். என் தாயாரின் கருமாதிக் காரியங்கள் நிறைவுற்ற பின், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் பெயரில் இருந்த பங்குகளை எங்கள் குடும்பத்தார் பெயருக்கு மாற்றித் தர உதவிய அனைவருக்கும் இம்மடலின் வழி நன்றி கூற விரும்புகிறேன். ஆனால் அந்தப் பங்கு எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இந்த நன்றி முழுமை பெறாது. ஆகவே, மலேசியாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற துன் வீ. தி. சம்பந்தன் அவர்களுக்கே என் முதல் நன்றியைச் செலுத்துகிறேன்.

மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி, வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட முனைந்தன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை எங்கள் பெற்றோர் கொள்ளை நோயின் பெயரைச் சொல்வதுபோல் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். நிலம் கைமாறினால் வேலை மட்டும் போவதில்லை; குடியிருக்கும் லயத்து (வரிசைக் குடியிருப்பு) வீடு, பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை ஆகிய எல்லாமே ஒருசேரப் போய்விடும். இந்த நிலையில்தான் 1960ஆம் ஆண்டில், ம.இ.கா. எனப்படும் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த சம்பந்தன் அவர்கள், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கிக்கொள்ளும் பொருட்டு இந்தச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி (எங்கள் நாட்டு நாணயம்). அதைப் பத்துப் பத்து வெள்ளியாகத் தவணையில் கட்டலாம். விடியுமுன் எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டி, வாளி சுமந்து, மரத்திலும் கோப்பையிலும் உறைந்த ஒட்டுப்பாலும் பொறுக்கும் ஒருவருக்கு 10 வெள்ளி என்பது சில நாள் உழைப்பின் கூலி என்பதை இன்றைய பிள்ளைகள் அறிய வேண்டும்.

அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தது ஒரு மாலை வேளையில். காலையில் தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் லயத்துத் திண்ணைகளில் நின்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்திருந்த அந்த மந்திரி, களத்தில் பேசி முடித்ததும் புறப்பட்டுவிடாமல், லயத்து வரிசையில் நடந்து வந்தார். எங்கள் வீட்டில் என் தந்தையார் பணத்தை எடுத்து நீட்டியபோது, உடனே வாங்கிக்கொள்ளாமல், இந்த அம்மாவும் பால் வெட்டுகிறார்களா என்று விசாரித்தார். ஆம் என்றதும், அம்மா அடுப்படியிலிருந்து வரும்வரை வாசலிலேயே நின்றார். அம்மா வந்ததும் கைகூப்பி வணங்கி, இது நன்கொடை அன்று, உங்கள் பெயரிலேயே ஒரு பங்காக இருக்கும் என்று அவருக்கே விளக்கினார். கணவன் கட்டுகிற பணத்தில் மனைவிக்கென ஒரு பெயர் உண்டு என்று எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாரும் கருதியதாக எனக்கு நினைவில்லை.

அம்மா தந்த பத்து வெள்ளியை அவர் இரு கைகளாலும் வாங்கினார். உடன் வந்தவர் ரசீது எழுதித் தந்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்பதைக் குறிப்பால் உணர்ந்துகொண்ட அவர், அந்த ரசீதை என்னிடம் கொடுத்து, தாயாருக்குக் கேட்கும்படி படிக்கச் சொன்னார். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை, அடுத்த வீட்டில் ஆட்கள் காத்திருந்தும், அவசரம் சிறிதும் காட்டவில்லை. பின்னாளில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியபோது, எழுதத் தெரியாத பெற்றோர் கைநாட்டு வைக்க வரும் ஒவ்வொரு முறையும், அந்தத் தாளில் உள்ளதை முழுவதும் படித்துக் காட்டிய பிறகே வைக்க விட்டேன். அந்தப் பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

அவர் மிக மென்மையானவர், நம் மக்களுக்காக இன்னும் கடுமையாகப் பேரம் பேசியிருக்க வேண்டும் என்று அன்றும் சிலர் குறை கூறினார்கள், இன்றும் கூறுகிறார்கள். 1969க்குப் பின், குடியுரிமை இல்லாததால் வேலைப் பெர்மிட் கிடைக்காமல் ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குப் போன உறவினர்கள் எங்கள் குடும்பத்திலும் உண்டு என்பதால், அந்த ஆதங்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆயினும், ஆட்சியில் இருந்த ஒருவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, எளியவர்களிடம் உதவி கேட்பவராக நின்று, அவர்களை நில உடைமையாளர்களாக ஆக்க முயன்றதைப் பலவீனம் என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் தோட்டமும் பின்னர் விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டது. அப்போது சங்கத்துக்குச் சொந்தமான ஒரு தோட்டத்தில் என் பெற்றோருக்கு வேலையும் வீடும் கிடைத்ததால்தான் என் படிப்பு தடைப்படவில்லை.

அடுத்ததாக, எங்கள் தோட்டத்துக் கிராணியாருக்கு (அலுவலக எழுத்தருக்கு) நன்றி. மேலாளரின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல், சம்பள நாள்தோறும் தவணைப் பணத்தைப் பெற்று அட்டையில் வரவு வைத்துத் தந்தவர் அவர். மழையிலும் செம்மண் சேற்றிலும் சைக்கிளில் வந்த சங்கத்தின் களப்பணியாளர்களுக்கும் நன்றி. ஒரு மாதம் தந்தையார் நோயுற்றுத் தவணை கட்ட இயலாதபோது, தம் சீட்டுப் பணத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்த பக்கத்து வீட்டு அத்தை இன்று இல்லை. அவருடைய பிள்ளைகள் இதைப் படிப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

இம்முறை பத்திரத்தில் இருந்த பெயரும் அடையாள அட்டையில் இருந்த பெயரும் எழுத்தில் வேறுபட்டிருந்தன. கோலாலம்பூரில் சங்கத்தின் தலைமையகமான விஸ்மா துன் சம்பந்தனில் இருந்த இளம் ஊழியர்கள் எங்களை அலைக்கழிக்காமல், எந்தச் சத்தியப் பிரமாணம் தேவை, அதை எங்கே பெற வேண்டும் என்று தமிழிலேயே விளக்கி, பழைய பதிவுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தந்தார்கள். அம்மாவின் பெயரை ஒரு கோப்பு எண்ணாகக் கருதாமல், பாட்டி எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார்கள் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்குத் தனியாக நன்றி. சாட்சிக் கையொப்பமிட வந்த பழைய தோட்டத்து நண்பர்களுக்கும், வாகனம் கொடுத்து உதவிய தம்பிக்கும் கடமைப்பட்டுள்ளோம்.

1979ஆம் ஆண்டு மே மாதம் துன் சம்பந்தன் அவர்கள் மறைந்தபோது என் பெற்றோர் வேலைக்குப் போகாமல் வீட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அவர் குடும்பத்தாருக்கு அன்று நேரில் சொல்ல வாய்க்காத எங்கள் நன்றியை இம்மடலின் வழி சேர்ப்பிக்கிறேன். அம்மாவின் பங்குகள் இப்போது அவருடைய இரு பேத்திகளின் பெயரில் பதிவாகியுள்ளன. சங்கத்தின் அடுத்த பேராளர் கூட்டத்தைப் பற்றி அவர்கள் இருவரும் இப்போதே விசாரித்து வருகிறார்கள்.

நன்றியுடன்,
பேராக் தோட்டமொன்றின் மகள்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை