நான் தெரபிஸ்ட் இல்லை, உதவியாளர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பேச்சு தாமதமாகும் குழந்தைகளைப் பற்றிப் போன வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நல்ல ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள்' என்று எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் சென்னையில் பல சென்டர்களில் குழந்தையோடு முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருப்பது தெரபிஸ்ட் இல்லை, என்னைப் போன்ற உதவியாளர்தான். எல்லோரையும் 'மிஸ்' என்றே கூப்பிடுவதால் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நான் பிளஸ் டூ முடித்து, டி.எச்.எல்.எஸ். என்ற, காது கேட்பது, மொழி, பேச்சு பற்றிய ஓராண்டு டிப்ளமோ படித்தவள். தெரபிஸ்ட் ஆக பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பட்டப்படிப்பு படிக்க வேண்டும், பயிற்சிக் காலமும் சேர்த்து நான்கு ஆண்டுகள். குழந்தைக்கு என்ன பிரச்சினை, எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்வது அவர்கள். அதைத் தினமும் சலிக்காமல் செய்வது நாங்கள்.

அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேட்க ஆபரேஷன் செய்து பொருத்தும் கருவி, வைத்த குழந்தை வந்ததும், பாடத்துக்கு முன்னால் ஒரு சோதனை. குழந்தையின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, உதடு தெரியாமல் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன். கேட்டதும் குழந்தை ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். 'ம்' தாழ்ந்த ஒலி, 'ஸ்' உயர்ந்த ஒலி. இந்த ஆறும் கேட்டால் பேச்சு முழுவதும் காதில் விழுகிறது என்று பொருள். நேற்று 'ஸ்'ஸுக்கு மணி போட்ட குழந்தை இன்று சும்மா இருந்தால் கருவியின் பேட்டரி, வயர், தலையில் ஒட்டியிருக்கும் 'காயில்' (coil) எல்லாவற்றையும் பார்ப்பேன். அப்புறமும் சரியாகவில்லை என்றால் காது கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியாலஜிஸ்டுக்கு போன். அதைக் கவனிக்காமல் பாடம் நடத்தினால் அன்றைய செஷன் வீண்.

இனி, பல வருடமாக மனசில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் வேலை பார்த்த சென்டரில் தெரபிஸ்ட் சனிக்கிழமை மட்டும் வருவார். புதிதாக வரும் குழந்தைகளும் நேராக என்னிடமே வந்தார்கள். அப்படி வந்தவன் மூன்று வயது நிரம்பாத ஒரு பையன். ஒரு வார்த்தை இல்லை. 'அவன் தாய்மாமனும் நாலு வயசுலதான் பேசினான்' என்றார் அம்மா. பாட்டி நாக்கில் வசம்பு தேய்த்துப் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்தினால் திரும்புவான், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்றே வீட்டில் நம்பியிருந்தார்கள். 'ஆரம்பிச்சிடுங்க' என்றார்கள் சென்டரில். ஆரம்பித்தேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். 'பா' வந்தது, 'மா' வந்தது. நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். 'கா' மட்டும் வரவே இல்லை. 'பா'வும் 'மா'வும் உதட்டில் தெரியும். 'கா' தொண்டைப் பக்கம் பிறக்கிறது, பார்த்துச் செய்ய முடியாது. அவன் கேட்டுச் சொல்லவில்லை, பார்த்துச் சொல்லியிருக்கிறான். முறையாகப் பரிசோதித்திருந்தால் முதல் வாரத்திலேயே காதுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். எனக்கு அது புரிய நான்கு மாதம் ஆனது, அதுவும் அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளர் விழுந்து அவன் திரும்பாதபோது. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் 'பெரா' டெஸ்டில் இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு என்று வந்தது. கதவைச் சாத்தும்போது அவன் திரும்பியது அதிர்வை உணர்ந்துதான் போல. பேச்சு வளர வேண்டிய வயதில் நான்கு மாதம் போயே போய்விட்டது. அந்த நோட்டில் இருந்தது என் கையெழுத்து.

பக்கவாதம் வந்த பெரியவர்கள் வீட்டுக்கும் எங்களைத் தனியாக அனுப்புகிறார்கள். பேச்சுப் பயிற்சி தரலாம். ஆனால் அவரால் பத்திரமாக விழுங்க முடிகிறதா என்று தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை. தண்ணீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992-இல் வந்தது. அந்த கவுன்சிலில் பதிவு செய்யாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் சி.ஆர்.ஆர். எண் என்ற பதிவு எண் உண்டு, எனக்கும் இருக்கிறது. சென்டர் சுவரில் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயர், படிப்பு, இந்த எண் மூன்றையும் எழுதி மாட்ட என்ன செலவாகிவிடும்?

பெற்றோரும் தயங்காமல் கேட்க வேண்டும். என் பிள்ளையைப் பரிசோதித்தது யார், மறுபடி எப்போது பார்ப்பார், காது டெஸ்ட் எடுத்தாயிற்றா? கேட்டால் மிஸ் கோபித்துக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். இப்போது இருக்கும் இடத்தில் முதல் நாளே நானே சொல்லிவிடுகிறேன்: 'நான் அசிஸ்டென்ட்மா, உங்க பையனுக்குத் திட்டம் போட்டது உள்ளே இருக்கிற மேடம்.' இதுவரை யாரும் அதனால் என்னை மட்டமாகப் பார்த்ததில்லை.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருமானால், இந்தக் கேள்விகளை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். என் பெயரை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்பீச் தெரபி உதவியாளர்,
பெரம்பூர், சென்னை-11