மேஸ்திரியை மேலாளர் ஆக்கிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஒரு கட்டடத்துல சாரம் சரிஞ்ச செய்தி போட்டிருந்தீங்க. ரெண்டு பேருக்கு அடி, நல்லவேளை உசுருக்கு ஒண்ணுமில்ல. தலைப்புல "கட்டட மேலாளர் கைது"ன்னு இருந்துச்சு, ரெண்டாவது பாராவுல அதே ஆளு "மேற்பார்வையாளர்" ஆயிட்டாரு, கடைசி வரில "கண்காணிப்பாளரிடம் விசாரணை நடக்கிறது"ன்னு முடிச்சுட்டீங்க. டீக்கடைல என்ற பக்கத்துல உக்காந்து படிச்சவரு பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "மூணு பேத்தைப் புடிச்சுட்டாங்களாட்ட இருக்குது, பரவால்ல"ன்னாரு.

மூணும் ஒரே ஆளுங்க. அந்தக் கட்டடம் எங்க வீட்டுல இருந்து ரெண்டு வீதி தள்ளித்தான், தெனமும் அந்த வழியாத்தான் பால் வாங்கப் போறேன், அவரை எனக்கு நல்லாத் தெரியும். அவரு மேஸ்திரி. காலைல ஆறரைக்கு ஆளுகளை டெம்போல ஏத்திட்டு வருவாரு, சித்தாளு ஒருத்தி வரலைன்னா போனைப் போட்டு இன்னொருத்தியப் புடிப்பாரு, பூச்சு வேலைல கொத்தனாரு திணறுனா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அவரே கரணையைப் புடிச்சுருவாரு, சனிக்கிழமை சாயந்தரம் இன்ஜினியர்கிட்ட பணத்தை வாங்கி எல்லாத்துக்கும் எண்ணிக் குடுத்துட்டு மிச்சம் நிக்கறதுதான் அவரு வருமானம். சாரத்துக்குப் புதுக் கம்பு வாங்கறதா பழைய கம்பையே கட்டறதாங்கறது அவரு முடிவு இல்லீங்க, அதுக்குக் காசு குடுக்கறவங்க முடிவு. அப்படிப்பட்டவரை "மேலாளர்"னு தலைப்புல போட்டா, கம்பெனியோட பெரிய தலையே உள்ள போயிருச்சுன்னுதான படிக்கறவன் நெனைப்பான்? கட்டடம் கட்டறவரு யாரு, அவருகிட்ட யாராவது கேட்டாங்களா, அது அந்தச் செய்தில எந்த எடத்துலயும் வரலீங்க. மேலாளரே கெடைச்சுட்டாரே, அப்புறம் எதுக்குத் தேடோணும்.

மேஸ்திரிங்கறது சுத்தமான தமிழ் இல்லைன்னு உங்க டெஸ்க்ல யாராவது சொல்லியிருப்பாங்க. வாஸ்தவந்தான், போர்ச்சுகீசுக்காரன் விட்டுட்டுப் போனது, அவன் ஊர்ல மெஸ்த்ரேன்னா தொழில் தெரிஞ்ச ஆசான். நம்மகிட்ட வந்து கட்டடம், மில்லு, ரோடு போடற எடம், கார்ப்பரேஷன்ல வீதி கூட்டறவங்களுக்கு மேலன்னு எல்லா எடத்துலயும் உக்காந்துகிச்சு. அந்த ஒரு சொல்லுல வேலையும் தெரியும், ஆளையும் மேய்ப்பான், ஆனா மொதலாளி இல்லங்கற மூணும் அடங்கிருது. அதை மேலாளர்ங்கற சொல்லுல எங்க தேடறது? பியூனும் அதே போர்ச்சுகீசு கப்பல்ல வந்தவந்தான், குமாஸ்தா பாரசீகத்துல இருந்து வந்தவரு, தாசில்தாரும் அந்தப் பக்கந்தான். கர்ணம், மணியக்காரர் பதவியை 1980ல எம்.ஜி.ஆர். எடுத்துட்டு கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டாந்தாரு, நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு, எங்க ஊர்ல இன்னமும் சர்டிபிகேட் வாங்க "மணியக்காரரைப் பாக்கப் போறேன்"னுதான் சொல்றாங்க.

இந்தக் கண்காணிப்பாளர் இருக்குதே, அதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. மாவட்ட எஸ்.பி.யும் கண்காணிப்பாளர், பரிச்சை ஹால்ல பிட்டைப் புடுங்கற வாத்தியாரும் கண்காணிப்பாளர், இப்ப சாரம் கட்டுன மேஸ்திரியும் கண்காணிப்பாளர். இந்தச் சொல்லுக்குள்ள இருக்கற "கண்காணி" தேஞ்சு போனதுதாங்க கங்காணி. சோழர் காலத்துக் கல்வெட்டுலயே கோயில் காரியத்தை மேல்பார்வை பாக்கறவருக்குக் கண்காணின்னு வருது. அங்க இருந்து எறங்கித் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நின்னுச்சு.

நானு சூப்பர்வைசரா இருந்த பனியன் கம்பெனில, எங்க லைன்ல, அதாவது வரிசையாத் தையல் மிஷின் ஓடற எடத்துல, கோத்தகிரிலருந்து ஒரு பொண்ணு தெச்ச பீஸைச் சரி பாக்கற செக்கிங் வேலைல இருந்துச்சு. இலங்கைத் தோட்டத்துல இருந்த நம்மாளுகளைத் திருப்பிக் கூட்டிக்கறதுக்கு 1964ல சாஸ்திரி போட்ட ஒப்பந்தத்துக்கப்புறம் அங்கிருந்து திரும்புன குடும்பம். நானு நோட்டைக் கைல வச்சுகிட்டு பீஸ் கணக்கு எழுதறப்பெல்லாம் "கணக்கப்பிள்ளை வந்துட்டாரு"ன்னு கிண்டல் பண்ணும். ஒரு நாளு நானு பதிலுக்கு "கணக்கப்பிள்ளை இல்ல புள்ள, கங்காணி"ன்னேன், பொசுக்குன்னு மொகம் மாறிப் போச்சு. "அண்ணா, எங்க வீட்டுல அது வசவு"ன்னுச்சு. அப்புறம் மத்தியானம் டிபன் பாக்ஸைத் தொறந்து வச்சுகிட்டு அவங்க தாத்தா சொன்னதையெல்லாம் சொல்லுச்சு. ஊர்ல வந்து முன்பணம் குடுத்து ஆளுகளைக் கூட்டிட்டுப் போறது கங்காணி, கப்பல் செலவுலருந்து அரிசி வரைக்கும் கடன் அவரு கணக்குல ஏறும், எத்தனை ஆளு வேலைக்கு எறங்குதோ அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகோணும்னா இந்த ஆளு மேல இவ்வளவு கடன் நிக்குதுன்னு எழுதுன ஒரு சீட்டு, அதுக்குப் பேரு துண்டு, புதுத் தோட்டத்துக்காரன் அந்தக் கடனைக் கட்டுனாத்தான் ஆளு நகரும். அந்தத் துண்டை 1921லதான் சட்டம் போட்டு எடுத்தாங்க. மலேயாவுக்குக் கங்காணி மூலமா ஆளு போனது 1938ல இந்திய அரசாங்கம் தடை போட்டப்பத்தான் நின்னுச்சு. தொரைக்கு அவரு கூலிக்காரரு, கூலிக்காரனுக்கு அவரு தொரை. இவ்வளவு சங்கதியும் அந்த ஒரு வார்த்தைக்குள்ள கெடக்குது, அதனாலதான் அந்தப் பொண்ணு மொகம் மாறுனது. சூப்பர்வைசர்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருக்கும்.

(இலங்கைல ஹட்டன்ல இருக்கற அவங்க சொந்தக்காரங்க அனுப்புன வாட்ஸாப் மெசேஜ்ல மேனேஜருக்கு "முகாமையாளர்"னு போட்டிருந்தாங்க, எங்க லைன்ல எல்லாரும் அது ஏதோ முகாம் போட்டு உக்காந்திருக்கற ஆபீசருன்னு நெனைச்சுட்டோம். மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல மேஸ்திரிக்கு மண்டோர், குமாஸ்தாவுக்குக் கிராணி. அவிய அவிய ஊர்ல அவிய அவிய சொல்லு தெளிவாத்தான் இருக்குது.)

சரி, எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்குதுன்னு சொல்லிர்றேன். நானு முப்பத்திரண்டு வருசம் பனியன் கம்பெனிதானுங்க. பதினாலு வயசுல கைமடியா உள்ள போனேன், டெய்லருக்குப் பக்கத்துல நின்னு மடிச்சு மடிச்சுக் குடுக்கற வேலை, அப்புறம் ஓரம் அடிக்கற ஓவர்லாக் மிஷின்ல டெய்லரு, அப்புறம் லைன் சூப்பர்வைசரு. கடைசியா இருந்த கம்பெனி பேரு வேண்டாம். காலைல எட்டரைக்கு உள்ள போனா சாயந்தரம் அஞ்சரை வரைக்கும் ஒரு ஷிப்டு, ராத்திரி வரைக்கும் ஓடுனா ஒன்றரை, ஷிப்மென்ட் நேரத்துல ரெண்டு ரெண்டரையும் ஓடும். சட்டத்துல ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம், எங்க லைன்ல யாரும் ரெட்டை வாங்கிப் பாத்ததில்ல, ஒத்தையாவது வந்துட்டிருந்துச்சு.

2012 தீபாவளிக்கு முந்தி ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு லெட்டர் குடுத்தாங்க. இன்னைலருந்து நீங்க ப்ரொடக்‌ஷன் மேனேஜர், சம்பளம் 9,400ல இருந்து 10,900. வீட்டுல சம்சாரம் பாயசம் வச்சுது, மச்சாண்டார் வீடு வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. சனிக்கிழமை கவரைப் பிரிச்சாப் பாத்தா ஓவர்டைம் காசைக் காணோம். கேட்டதுக்கு, "மேனேஜருக்கு ஏதுங்க ஓவர்டைம்?"னு சிரிக்கறாங்க. வாரம் 700 வந்துட்டிருந்தது, மாசம் 2,800 போச்சு, ஏறுனது 1,500. பாயசத்துக்கு ஆன செலவு தனி.

வேலை என்ன மாறுச்சுங்கறீங்க? ஒண்ணும் மாறலீங்க. அதே லைனு, அதே டியூப்லைட்டு. டெய்லர் ஒருத்தன் லீவு போட்டா நானே ஓவர்லாக்ல உக்காந்து சைடு அடிப்பேன், ஊசி ஒடைஞ்சா மாத்துவேன், லூப்பர்ல நூல் கோப்பேன், டேமேஜ் பீஸைப் பிரிச்சுத் திருப்பி அடிப்பேன். ஒருத்தனுக்கு அரை நாளு லீவு குடுக்கோணும்னாக்கூட ஆபீஸ் ரூமுக்குப் போயி நிக்கோணும்.

அடுத்த வருசம் ஒரு ஷிப்மென்ட் லேட்டாயி ப்ளைட்ல அனுப்ப வேண்டியதாப் போச்சு, அந்தச் செலவுக்கு ஒரு தலை வேணும்ல, மேனேஜரு நாந்தான. நாளைலருந்து வரவேண்டாம்னுட்டாங்க. யூனியன்காரரு ஒருத்தரு கையைப் புடிச்சு லேபர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க கம்பெனி ஆளு ஒரே வரில முடிச்சுட்டாரு: "இவரு மேனேஜர்ங்க, தொழிலாளியே இல்ல, இந்த மனுவே செல்லாது." அப்ப இருந்த 1947 தொழில் தகராறு சட்டத்துல அப்படித்தான் இருந்துச்சு, மேனேஜர் வேலை பாக்கறவரு தொழிலாளிக் கணக்குல வர மாட்டாரு, சூப்பர்வைசர் வேலைன்னா சம்பளம் ஒரு வரம்புக்குள்ள இருக்கோணும். அந்த வரம்பை 2010ல 10,000 ஆக்கியிருந்தாங்க. 9,400ஐ எதுக்கு 10,900 ஆக்குனாங்கன்னு அப்பத்தான் என்ற மண்டைல உறைச்சுது, சரியா அந்தக் கோட்டைத் தாண்டி ஒக்கார வச்சிருக்காங்க. (2020ல போட்ட புதுச் சட்டத் தொகுப்புல அது 18,000.)

லேபர் ஆபீசர் அந்தம்மா நல்லவங்க. லெட்டரை ஓரமா வச்சுட்டு என்னையப் பாத்துக் கேட்டாங்க. "யாருக்காவது லீவு சாங்ஷன் பண்ணி கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?" இல்லீங்க. "மெமோ குடுத்திருக்கீங்களா?" இல்லீங்க. "ஒருத்தரை வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ செஞ்சிருக்கீங்களா?" என்னையவே நிறுத்திட்டாங்கம்மான்னேன், அவங்களே சிரிச்சுட்டாங்க. "அப்ப நாளெல்லாம் என்ன பண்ணுவீங்க?" கையை நீட்டிக் காமிச்சேன், ஊசி ஏறுன தழும்பு கட்டை வெரல்ல ரெண்டு இருக்குது. போட்டிருக்கற பேரைப் பாக்கக் கூடாது, முக்கியமா என்ன வேலை செய்யறாருன்னுதான் பாக்கோணும்னு சுப்ரீம் கோர்ட்டு 1985லயே ஒரு மருந்துக் கம்பெனி கேஸ்ல சொல்லியிருக்குதுன்னு யூனியன்காரரு எடுத்துச் சொன்னாரு. கோர்ட்டுக்குப் போனா எப்ப முடியுமோன்னு பயந்து ஆறு மாசம் அலைஞ்சு பேசி ஒரு தொகைக்கு முடிச்சுகிட்டேன், அது வேற கதை. ஆனா அந்தம்மா கேட்ட நாலு கேள்வியை உங்க நிருபருங்க ஒரு தடவை கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்னு அப்பப்ப நெனைச்சுக்குவேன்.

இப்பெல்லாம் இது இன்னும் ஜாஸ்தியாப் போச்சு. வீட்டுக்கு பிரியாணி கொண்டாந்து குடுக்கற பையன் டெலிவரி பார்ட்னராம். பார்ட்னர்னா கூட்டாளிதான, லாபத்துல பங்கு தர்றாங்களான்னு ஒருத்தன்கிட்டக் கேட்டேன், "பெட்ரோலே என்ற காசுங்ணா"ன்னுட்டு வண்டியை முறுக்கிட்டுப் போயிட்டான். என்ற தங்கச்சி பையன் ஐடில டீம் லீடு, டீம்ல அவனையும் சேத்து ரெண்டு பேரு. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர்னு 2020ல அரசாங்கம் மாத்துனது நல்ல காரியம், அதுல எனக்கு ஒரு மாத்துக் கருத்தும் இல்ல, பழைய பேருல ஒரு எளக்காரம் ஒட்டிகிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் மாளிகை வாசல்ல அவங்க நாள்கணக்கா உக்காந்தது எங்க வேலையைத் தனியாருக்குத் தூக்கிக் குடுக்காதீங்கன்னு, பேரு ஏற்கனவே மாறித்தான் இருந்துச்சு. அந்தச் செய்தியை நீங்க நல்லாத்தான் போட்டீங்க, அதையும் சொல்லிர்றேன்.

மேலாளர் கெட்ட வார்த்தைன்னு நானு சொல்லலீங்க. பேங்க்ல லோனுக்குக் கையெழுத்துப் போடறவரு மேலாளர், பொருத்தமா இருக்குது. மேற்பார்வையாளரும் சரிதான், டாஸ்மாக் கடைல அந்தப் பேருலயே போஸ்டு இருக்குது. நானு கேக்கறது என்னன்னா, போலீஸ் குடுக்கற நோட்டுல "மேலாளர்"னு இருந்தா அதை அப்படியே எறக்கிப் போடாம, அந்த எடத்துல மண்ணு சொமந்துட்டு நிக்கற ஒரு அக்காகிட்ட "இவரை நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க, உங்களுக்குக் கூலி யாரு குடுக்கறாங்க"ன்னு நிருபர் தம்பி கேட்டா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். மேஸ்திரின்னா மேஸ்திரி, காண்ட்ராக்டர்னா காண்ட்ராக்டர், கட்டிங் மாஸ்டர்னா கட்டிங் மாஸ்டர். ஒரு செய்திக்குள்ள ஒரு ஆளுக்கு ஒரு பேரு போதும். தலைப்புல எடம் பத்தலைன்னு சொல்ல முடியாது, மேலாளர் நாலு எழுத்துன்னா மேஸ்திரியும் நாலு எழுத்துதான், எண்ணிப் பாத்துட்டேன்.

இன்னொண்ணு. ரெண்டு வருசத்துக்கு முந்தி பஸ் ஸ்டாப்புல நெழல் இல்லைன்னு நானு எழுதுன கடிதத்தைப் போட்டீங்க, ரொம்ப நன்றி. ஆனா "பனியன் கம்பெனி லைன் சூப்பர்வைசர்"னு நானு எழுதி அனுப்புனதை "ஓய்வுபெற்ற நிறுவன மேலாளர்"னு மாத்திப் போட்டுட்டீங்க. அந்தப் பழைய கம்பெனிக்காரங்க கண்ணுல மட்டும் அது பட்டிருந்தா வெட்டி பிரேம் போட்டு மாட்டியிருப்பாங்க. இந்தத் தடவை தயவு பண்ணி கீழ இருக்கறபடியே போட்டுருங்க.

இப்படிக்கு,
லைன் சூப்பர்வைசர் (ஓவர்லாக்கும் அடிப்பேன்),
திருப்பூர்.