ஞாயிறு பேச்சு: மேக்கினா தீவின் கோல்ஃப் கிளப்

குழுவினருக்கு வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மேக்கினா தீவில் உள்ள வாவாஷ்காமோ கிளப்பைப் பற்றிப் பேசுகிறோம். கோடைக்கு வந்து தங்கும் சிகாகோ பணக்காரர்கள் 1898-இல் தொடங்கியது. அதே ஆண்டுதான் ஊருக்குள் மோட்டார் வண்டிக்கும் தடை வந்தது; இன்றும் அங்கே குதிரை வண்டியும் சைக்கிளும்தான்.

9 குழி மைதானத்தை அமைத்துக் கொடுத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்ஸ் ஸ்மித். பின்னால் 1906, 1910 இரண்டு முறை யு.எஸ். ஓப்பன் வென்றவர்.

எனக்கு ஆச்சரியம் அந்த நிலம்தான். 1814 ஆகஸ்ட் 4-இல், பிரிட்டிஷாரிடமிருந்து தீவை மீட்க வந்த அமெரிக்கப் படை தோற்றுத் திரும்பிய போர்க்களம் அது. அந்த அமெரிக்கப் படையின் அதிகாரி மேஜர் ஹோம்ஸ் உயிரை விட்ட இடத்தில் பந்தடித்திருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

பழைய படங்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் இங்கே போடுங்கள். குட் மார்னிங் படங்கள் வேண்டாம், ப்ளீஸ்.