தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால், குப்பை கொட்டிக் கிடந்த துண்டு நிலத்தில் நாங்கள் சேர்ந்து போட்ட தோட்டத்தில் முந்தாநாள் முதல் தடவையாகக் கங்குனும் முளைக்கீரையும் வெட்டினோம். வீட்டுக்கு ஒரு பிடிதான். காஸ் வரிசையில் நின்று காய்ந்துபோனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதலில், பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வருகிற தம்பிக்கு. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்.

2022 ஜூன் 13, கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். 2019 ஏப்ரலில் அங்கே குண்டு வெடித்ததற்குப் பிறகு அந்தக் கோயில் வாசலை மிதிக்கும்போதெல்லாம் அம்மாவுக்குக் கை நடுங்கும். ஆனாலும் திருநாளை விடமாட்டார். பூசை நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அம்மா செபமாலை உருட்டியது அந்தோனியாருக்கா, உரப்பையில் நட்டிருந்த கொச்சிக்காய்க் கன்றுகளுக்கா என்று எனக்குச் சந்தேகம்தான்.

திரும்பி வந்தால், கன்றுகளுக்கு மேல் ஒரு நீலத் தறப்பாள் கட்டியிருந்தது. நோன்பு காலத்தில் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் பள்ளிவாசலில் கட்டுவார்களே, அதே தறப்பாள். உரப்பைகள் எல்லாம் செங்கல் மேல் ஏறியிருந்தன. முழங்கால் வரை சேற்றோடு தம்பி தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை.

"திருநாள்தானே ஆன்ட்டி, ஒருத்தரும் இருக்க மாட்டீங்கண்டு வந்தேன்" என்றார். அம்மா ஒன்றும் பேசாமல், கோயிலில் கிடைத்த பணிஸை அவர் கையில் வைத்தார். அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

2019க்குப் பிறகு சமாதானக் கூட்டங்கள் எத்தனையோ பார்த்துவிட்டோம். குத்துவிளக்கு, பேச்சு, குரூப் போட்டோ, ஷோர்ட் ஈட்ஸ் பெட்டி. குறை சொல்லவில்லை, பெட்டியை நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகும் எங்கள் ஒழுங்கையில் சில கதவுகள் திறக்கவில்லை. இப்போது அந்த வீட்டுப் பெண்கள் கன்று கேட்டு வருகிறார்கள், கொச்சிக்காய் எத்தனை நாளில் காய்க்கும் என்று அம்மாவிடம் விசாரிக்கிறார்கள்.

அப்புறம், குப்பை அள்ளிய மல்லிமார், தங்கச்சிமார். பெற்றோல் இல்லாத நாட்களில் சைக்கிளில் மரக்கறிக் கழிவும் தேயிலைச் சக்கையும் கொண்டுவந்தவர்கள். யூரியா இல்லாமலே பசளை செய்யக் காட்டித் தந்த மாணவி. மூன்றாம் மாடியிலிருந்து பிளேன்டீ அனுப்பிய அக்கா, எல்லோருக்கும் நன்றி. திருநாளுக்கு மறுநாளே பௌத்தர்களின் பொசன் போயா. வெள்ளை உடுத்திப் பன்சலைக்குப் போன பிள்ளைகளின் வேலையை எங்கள் பிள்ளைகள் தாங்களாகவே செய்தார்கள்.

வருகிற ஹஜ் பெருநாளன்று தோட்டம் எங்கள் பொறுப்பு. அம்மா இப்போதே சொல்லி வைத்துவிட்டார். அதற்குள் பயற்றங்காய்க்குப் பந்தல் போட வேண்டும், கம்பு இருக்கிறவர்கள் சனிக்கிழமை கொண்டுவாருங்கள்.