பச்சைப் பெட்டி காலியாகிவிட்டது

அன்புள்ள கண்ணா,

பச்சைப் பெட்டியில் இருந்த பழைய தாள்களையெல்லாம் ஸ்கேன் செய்து, பெட்டியை ஒருவழியாகக் காலி செய்துவிட்டேன். போனை எடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், நாலு தடவை அடித்தேன், சரி, வேலை இருந்திருக்கும்.

நீ சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்கிறேன். எல்லாம் 300 டிபிஐ தெளிவில், பிடிஎஃப் ஃபைலாக. ஃபைல் பெயரில் முதலில் வருடம், மாதம், தேதி, அப்புறம்தான் என்ன தாள் என்பது: "2019-06-14 வீட்டு வரி". இப்படிப் போட்டால் தானாகவே வரிசையாக நின்றுகொள்கிறது. அச்சடித்த தாளில் எந்த வார்த்தையைத் தேடினாலும் கிடைக்கிறது, அப்பா கையால் எழுதியதைத்தான் கம்ப்யூட்டருக்குப் படிக்கத் தெரியவில்லை. அதற்கெல்லாம் பெயரிலேயே நாலு வார்த்தை கூடுதலாகச் சேர்த்துவிடுகிறேன். இந்த வயதில் அம்மாவுக்கு உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க எத்தனை பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கும்! அந்தப் பிள்ளைதான் மூன்று வாரமாக ஒரு வரி எழுதவில்லை.

வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், இவற்றின் அசல் மட்டும் தனி உறையில் இருக்கிறது. பழைய பில்லெல்லாம் கிழித்தாயிற்று. வாஷிங் மெஷின் ரசீதை எடுத்தால் வெறும் வெள்ளைத் தாள், ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தபோது கடைப் பெயரில் பாதி நிழல் மாதிரி தெரிந்தது. அந்த வழவழப்பான தாளில் மையே கிடையாதாம், சூடு பட்டுக் கறுக்கும் பூச்சுதான், நாளாக நாளாக வெளிறிவிடும். லேமினேட் செய்யலாம் என்று கொண்டுபோனால் அந்தச் சூட்டிலேயே கறுத்துவிடும். ஈசிஜி தாளும் பெரும்பாலும் அதே ரகம்தான். அதனால் ஆஸ்பத்திரியில் எது கொடுத்தாலும் அன்றைக்கே படம் எடுத்து வை.

போன ஞாயிற்றுக்கிழமை நம் இருவருக்கும் பொதுவான ஃபோல்டரில் புதிதாக ஒரு ஃபைல் வந்தது, நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவதற்குள் காணோம். ஏதோ கைதவறி வந்திருக்கும். நான் திறக்கவில்லை. பொது ஃபோல்டரில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்துவிடும், அதை மட்டும் நம்பாதே, மூன்று பிரதி வேண்டும், இரண்டு விதமான சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நீதானே சொன்னாய். நான் ஹார்டு டிஸ்கிலும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். நீயும் வைத்துக்கொள். மெடிக்கல் ரிப்போர்ட் எதையும் அழிக்காதே கண்ணா, பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன மாறியிருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும். ஒழுங்காகத் தூங்குகிறாயா? ரிப்போர்ட் எதையும் அழிக்காதே.

பெட்டியின் அடியில், கரண்ட் பில்களுக்கு நடுவே மடித்தபடி அப்பாவின் முதல் ரிப்போர்ட் இருந்தது. கடைசி வரியில் மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கவும் என்று டைப் அடித்திருக்கிறது. அப்பாதான் அலட்சியமாக இருந்துவிட்டார் என்று இத்தனை வருடமும் நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் அதை என் கையில்தான் கொடுத்தார். பத்திரமாக வை, நாள் வந்ததும் ஞாபகப்படுத்து என்றார். நான் பில்களோடு சேர்த்துச் செருகிவிட்டு மறந்துபோனேன், பதினோரு மாதம். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா அவரைத் திட்டினாரே, நீயும் நின்றுகொண்டிருந்தாய், அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதையும் ஸ்கேன் செய்து பொது ஃபோல்டரில் போட்டிருக்கிறேன், பார். பக்கத்திலேயே உன் பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டிருக்கிறேன், அதில் இன்னும் ஒன்றும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் போடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அதில் மறுபடி போக வேண்டிய தேதி ஏதாவது இருந்தால் அதை மட்டும் சொல், என் போனில் அலாரம் வைத்துவிடுகிறேன்.

அம்மா